முப்பத்தெட்டு ஜாமீன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய் இல்லை. அந்தக் கோபம் இல்லாவிட்டால் டயர் கடைக்கு மேலே, ஒழுகுகிற இரண்டாவது மாடியில், ஓர் இலவச இசைப் பள்ளியைப் பதினோரு வருடம் நடத்தியிருக்க முடியாது. பள்ளி ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதற்கு ஒரு தலைவர் உண்டு. கட்டட கான்ட்ராக்டர். நல்ல மனிதர்தான், அதை அவரே அடிக்கடி சொல்வார். நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கிற இயக்குநர். கட்டணம் கட்ட வழியில்லாத நூற்றுப்பத்துப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கற்றுக்கொள்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகட்டும் என்றே முப்பத்தெட்டுக் கருவிகள் வாங்கினோம். வயலின், கிட்டார், புல்லாங்குழல், சின்ன கீபோர்டு. வாங்கி அலமாரியில் வைத்தோம். ஒன்றுகூட வாசல் தாண்டவில்லை.

"பாத்தீங்களாம்மா? ஒருத்தர்கூட கேக்கல," என்பார் தலைவர், வருடா வருடம் கூட்டத்தில். "இலவசம்னா வருவாங்க. வீட்ல உக்காந்து உழைக்கணும்னா வரமாட்டாங்க. ஆர்வம் அவ்வளவுதான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பாதி நம்பினேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற ஒருவர் என் அறைக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் அவருக்கு ஒரு மகள், வயலின் வகுப்பில் இருக்கிறாள். உருவத்தைப் பார்த்து எல்லாரும் அவளை எறும்பு என்பார்கள். அரசு இசைக் கல்லூரியின் சிறுவர் பிரிவுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தோம். தேர்வானால் ஏழு வருடம் இலவசப் படிப்பு. தேர்வுக்கு முப்பத்தாறு நாள் இருந்தது. வீட்டில் அவள் பழகுவது மர ஸ்கேலைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு.

அவர் கையில் எங்கள் விண்ணப்பப் படிவம். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு விழுந்த விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

"அக்கா, எல்லாம் எழுதிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. சொந்த வீடு இருக்கிற ஒருத்தர் ஜாமீன் போடணுமாம். எனக்குத் தெரிஞ்சு சொந்த வீடு இருக்கிறது எங்க வீட்டு ஓனர் ஒருத்தருக்குத்தான். போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாருங்க."

அந்த வரியை எழுதியது நான். என் கையால், என் புத்தியால், ஆறு வருடத்துக்கு முன். எங்கேயோ கடன் வாங்கக் கையெழுத்துப் போட்ட படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் எவருக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை. கதவை நானே சாத்திவிட்டு, யாரும் உள்ளே வரவில்லையே என்று ஆறு வருடம் அங்கலாய்த்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் எதிரில் அடித்துக்கொள்ளவில்லை.

படிவத்தை வாங்கி, ஜாமீன்தாரர் என்ற இடத்தில் என் பெயரையும் என் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அக்கா, உங்க வீடா?"

"ஏன், என் வீடு வீடா தெரியலையா? போய் வயலினை எடுத்துக்கிட்டு கிளம்புங்க."

விதியை மாற்றச் செயற்குழு கூடவேண்டும். அதற்குத் தலைவர் மனசு வைக்கவேண்டும். ஆனால் ஓர் ஆள் எத்தனை பேருக்கு ஜாமீன் போடலாம் என்று விதியில் எங்குமே இல்லை. எழுதியவளுக்கு அந்த அளவுக்குத்தான் மூளை. அந்த வாரக் கடைசிக்குள் அலமாரி காலியானது.

வீட்டில் சொன்னேன்.

"எத்தனை பேருக்குப் போட்டே?" என்றார் வீட்டுக்காரர்.

"முப்பத்தெட்டு."

"நமக்கு ஒரு வீடுதானே இருக்கு?"

"ஆமா."

"வீடு உன் பேர்ல. என் பேர்ல இருக்கிறது ஸ்கூட்டர் மட்டும்தான். அதையும் எழுதிக் குடுத்துடாதே தாயே, ஆபீசுக்குப் போகணும்," என்றார். அவரோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்த முடிவதற்கு இதுதான் காரணம்.

மூன்று வாரம் பள்ளியே வேறாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்தது வெள்ளிக்கிழமைக்குள் கையில் பதிந்துவிட்டிருந்தது. எறும்பு வாசிப்பதைக் கேட்க டயர் கடைக்காரர்கள் காற்றடிக்கிற மிஷினை நிறுத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

யாரோ தலைவர் காதில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எல்லாக் கருவிகளையும் சோதனைக்குக் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு வந்தது.

கொண்டுவந்தார்கள். பிள்ளைகளும் பெற்றவர்களும் மூன்றரை மணிக்கே கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். பெரிய மேசை போட்டுத் தலைவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு கிட்டாரில் பூனை ஸ்டிக்கர். ஒரு கீபோர்டில் பால் சிந்திய கறை. ஒருத்தி வயலின் பெட்டிக்குப் பழைய போர்வையில் உறை தைத்திருந்தாள். முப்பத்தேழும் நன்றாக இருந்தன.

கடைசியாக இஸ்திரிக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்தார். வயலினின் கழுத்து முறிந்து, கம்பிகளோடு தொங்கியது.

"ஒரே ரூமுங்க, ஆறு பேரு," என்றார். "யாரும் மிதிச்சிடக்கூடாதுன்னு சுவத்துல ஆணி அடிச்சு மேல மாட்டினேன். நேத்து ஆணியோட வந்துடுச்சு. என் தப்புதாங்க. பொண்ணு மேல தப்பு இல்ல."

எறும்பு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். அதில் ஒரு திருப்தி இருந்தது, இல்லை என்று அவரால் சொல்ல முடியாது.

"இப்ப பாத்தீங்களாம்மா? அலமாரியில ஆறு வருஷம் ஒரு கீறல் விழுந்துச்சா?"

"விழல சார். ஆறு வருஷம் ஒரு பாட்டும் வரல."

"எதிர்த்துப் பேசறீங்க."

"ஆமா சார், எதிர்த்துத்தான் பேசறேன். உடைஞ்சதுக்கு ஜாமீன் நான். புதுசு வாங்கி வைக்கிறேன். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

அவர் முகம் சிவந்தது. எல்லாக் கருவிகளும் அலமாரிக்குப் போகவேண்டும், இயக்குநர் பொறுப்பிலிருந்து நான் விலகவேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். "இன்னிக்கோட உங்க பொறுப்பு முடியுது."

பதினோரு வருடம். அழுகை வந்தது, மறைக்கவில்லை. எறும்பு அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை நின்று, பழைய கோபம் திரும்பி வந்தது.

"இன்னிக்கோடன்னா எத்தனை மணி வரைக்கும் சார்?"

நான் கெஞ்சப் போகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. குரல் இறங்கியது. "ஆபீஸ் அஞ்சு மணிக்கு முடியுது. அஞ்சு மணின்னு வச்சுக்குங்க."

மணி நான்கு இருபது.

நேராக அவர் அறைக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிறுவர்கள் வாசிக்கிற முக்கால் அளவு வயலின் ஒன்று இருந்தது. தன் அப்பாவின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பதித்துத் தலைவர் பள்ளிக்குக் கொடுத்தது. விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். அதைத் தொட இத்தனை வருடம் எனக்கே துணிச்சல் வந்ததில்லை. எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, பதிவேட்டைப் பிரித்தேன்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க? அது எங்கப்பா ஞாபகமா குடுத்தது!"

"பள்ளிக்குத்தானே குடுத்தீங்க? பதிவேட்டுல இருக்கு. கருவி குடுக்கிற அதிகாரம் இயக்குநருக்கு. என் இயக்குநர் கையெழுத்து அஞ்சு மணி வரைக்கும் செல்லும்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஜாமீன் கையெழுத்து என் வீடு இருக்கிற வரைக்கும் செல்லும். உங்கப்பா பேரை ஒரு பிள்ளை தோள்ல தூக்கிட்டுப் போகப் போகுது, சந்தோஷப்படுங்க சார்."

அவர் வயலினைப் பிடுங்கக் கை நீட்டினார். கூடம் முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். நீட்டிய கையால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கையெழுத்துப் போட்டு வயலினை எறும்பிடம் நீட்டினேன். அவள் அப்பா குறுக்கே வந்தார்.

"வேண்டாங்க அக்கா. இதுவும் உடைஞ்சு போச்சுன்னா?"

"உடைஞ்சா என்கிட்ட கொண்டு வாங்க. விலாசம்தான் படிவத்துல இருக்கே. பன்னிரண்டு நாள் இருக்கு, வீட்டுக்குப் போய் வாசிக்கச் சொல்லுங்க."

எறும்பு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேனா நன்றாக எழுதியது.

"அடுத்தது யாரு? கிட்டாரா? வரிசையில வாங்கப்பா, தள்ளாதீங்க. இன்னும் முப்பத்தேழு பேர் இருக்கீங்க, எனக்கு அஞ்சு மணிக்கு வேலை போகுது."