முறை மாற்ற வந்தவர்

ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்களை லவ்டே ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலை எடுத்தால் ஆள்காட்டி விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. சாகப்போகிற மனிதரின் பிடியாக அது இல்லை.

"விடுங்கப்பா. கொஞ்ச நேரம் படுங்க. நின்னு நின்னு கால் ரெண்டும் வீங்கிப்போச்சு."

"மேல யாரு இருக்கா?"

"நான்தான் இருக்கேன்."

"நீ இல்ல. முறை மாத்த யாரு வந்திருக்கா? மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? கார்லியன் வரட்டும், எறங்கிடறேன்."

டாம்சின் சூப் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். லவ்டே பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். "டாக்டரு என்ன சொன்னாரு? படுக்கப்போட்டு நிம்மதியா விடுங்கன்னாரு. இவரு என்னடான்னா சாவையும் நிக்கவெச்சுப் பேசி அனுப்பிருவாரு போலிருக்கு," என்றாள். சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லெப்டினன்ட் கில்பர்ட் ஹோஸ்கன் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியவர். இருபதில் லெப்டினன்ட் ஆனார். எழுபத்துமூன்றிலும் லெப்டினன்ட்தான். ஏன் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா மட்டும் ஒரு தடவை, பட்டாணி உரித்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவளும் சொல்லவில்லை.

கப்பலில் நான்கு மணி நேரம் ஒருவர் முறை. மணி அடித்ததும் அடுத்த அதிகாரி மேல்தளத்துக்கு ஏறி வர வேண்டும். காற்று எந்தப் பக்கம், திசை என்ன, பாய் எவ்வளவு விரித்திருக்கிறது, கேப்டனின் உத்தரவு என்ன என்று இவர் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி, "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழும்வரை வானமே இடிந்தாலும் இறங்கக் கூடாது.

பிரெஞ்சுக் கரைக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவே, ஒரு விடியலில் பெனட் கார்லியன் வரவில்லை. இருவரும் பையன்களாக ஒரே நாளில் கப்பல் ஏறி ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். கார்லியன் அதற்கு முன்பும் தூங்கிப்போயிருக்கிறான். இன்னொரு தடவை தாமதமானால் கப்பலை விட்டே அனுப்பிவிடுவேன் என்று கேப்டன் சொல்லியிருந்தார். எழுப்ப ஆள் அனுப்பினால் செய்தி கேப்டன் காதுக்குப் போகும். அதனால் ஹோஸ்கன் தானே கீழே இறங்கினார். ஒரு நிமிஷ வேலைதான். தோளை உலுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் கப்பல் தரைதட்டியது. பாய்மரம் முறிந்து விழுந்ததில் இரண்டு பேர் கடலோடு போனார்கள்.

விசாரணையில் கார்லியன், தான் விழித்துத்தான் இருந்ததாகவும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். ஹோஸ்கன் மறுக்கவில்லை. இரண்டு உயிர் போனபிறகு அவன் பூட்ஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். லெப்டினன்ட்கள் வரிசையில் அவரைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அப்புறம் எத்தனையோ சண்டைகளில் இருந்தார். நேற்று வந்தவர்களெல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். சண்டை ஓய்ந்ததும் கப்பல் கிடைக்காத அதிகாரிக்குத் தரும் அரைச் சம்பளத்தோடு ஃபால்மத் துறைமுகத்தில் கரையேறினார். கார்லியன் அட்மிரலாகி, அதே ஊரில், எதிர்மேட்டில் பெரிய வீடு வாங்கினார். மாதாகோவிலில் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு அட்மிரல் வீட்டிலிருந்து ஒரு வாத்து வரும். அம்மா அதைத் தொடாமல் டாம்சினிடம் கொடுத்துவிடுவாள்.

அன்று காலை லவ்டே எதிர்மேட்டுக்கு ஏறிப் போனாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"வாம்மா, உக்காரு. கில்பர்ட் எப்படி இருக்கான்?" என்றார் அட்மிரல் கார்லியன். தேநீரும் குங்குமப்பூ ரொட்டியும் அவர் முன்னால் தொடாமல் இருந்தன.

"நிக்கறாரு ஐயா."

"நிக்கறானா?"

"முறையில நிக்கறாரு. மாத்த ஆள் வரலயாம். வராம படுக்க மாட்டேங்கறாரு. இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அட்மிரல் கரண்டியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"நீங்க ஒரு தடவ வந்து 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்லிட்டுப் போனாப் போதும். வேற ஒண்ணும் கேக்க வரல."

"காய்ச்சல்ல என்னமோ பேசறான். அதுக்குப் போயி நான்..."

"உங்க பேரச் சொல்லித்தான் கேக்கறாரு."

"அன்னிக்கு விசாரணையில என்ன பதிவாச்சுன்னு உனக்குத் தெரியுமா? நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

"அத நான் கேக்கலியே ஐயா."

கணப்பில் கரி ஒன்று சரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "மழ வரும்போல இருக்கு. வண்டி கட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

"நடந்தே போயிக்கிறேன்."

திரும்பி வந்தபோது அப்பா ஜன்னல் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்திருந்தார். டாம்சின் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தாள். "வந்தாரா பெரிய மனுஷன்?" என்று உதட்டசைவில் கேட்டாள். லவ்டே நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே அப்பாவின் பக்கத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"முறை மாத்த வந்திருக்கேன்."

அவர் திரும்பவில்லை. "தாமதம்."

"ஆமா. மன்னிக்கணும்."

"யாரது?"

கார்லியன் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அந்தக் கணமே அவர் இறங்கிவிடுவார். அவளால் சொல்ல முடியவில்லை.

"ஹோஸ்கன்."

"ஹோஸ்கனா? இந்தக் கப்பல்ல ஒரு ஹோஸ்கனே அதிகம்னு கேப்டன் சொல்லிக்கிட்டிருக்காரு." அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா மூச்சிரைப்பா என்று தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. அந்தக் குரலை லவ்டே வீட்டில் கேட்டதேயில்லை. "காத்து தென்மேற்கு. இன்னும் பலக்கும். திசை வடக்கு வடமேற்கு. மேல்பாய் ரெண்டு மடிப்பு மடிச்சிருக்கு. வலதுபக்கம் பாறை. நுரை தெரிஞ்சா கேப்டன எழுப்பணும். எழுப்பினா திட்டுவாரு. திட்டட்டும்."

"காத்து தென்மேற்கு. திசை வடமேற்கு..."

"திரும்பச் சொல்லு. இப்படிச் சொல்லித்தான் ஆளுங்களக் கொல்றது."

"வடக்கு வடமேற்கு," என்றாள் லவ்டே. "மேல்பாய் ரெண்டு மடிப்பு. வலதுபக்கம் பாறை. நுரை தெரிஞ்சா கேப்டன எழுப்பறேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எடுத்துக்கிட்டேன்."

விரல்கள் தாமாகவே விட்டன. டாம்சின் மட்டும் இல்லாவிட்டால் அப்படியே விழுந்திருப்பார். கட்டிலுக்கு இரண்டடி போனவர் நின்று, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாரையும் எழுப்பறேன்னு கீழ போயிடாத. எவ்வளவு வேண்டியவனா இருந்தாலும் சரி. உன்னை மாத்த ஆள் வர்றவரைக்கும் நகராத."

"நகர மாட்டேன்பா."

"குளிரும். கழுத்த மூடிக்க."

பிறகு அவர் படுத்துக்கொண்டார். கட்டில் முனகுவது கேட்டது. லவ்டே ஜன்னல் பக்கமே பார்த்தபடி நின்றாள். கீழே துறைமுகத்தில் மழைக்குள் கப்பல்கள் ஒரே பக்கமாகத் தலை திருப்பி நின்றிருந்தன. முதுகுக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு வந்துகொண்டிருந்தது. திரும்பி நாலு எட்டு வைத்தால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். கழுத்துப் பட்டியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சின்னம்மா, வந்து பக்கத்துல உக்காருங்க," என்றாள் டாம்சின்.

"நீ பிடிச்சுக்க."

"நான் யாரு பிடிக்க? பெத்த பொண்ணு இருக்கையில..."

"பிடிச்சுக்க டாம்சின்."

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டது. அடுத்தது வரும் என்று ஒவ்வொரு முறையும் லவ்டே காத்திருந்தாள். ஒரு தடவை காத்திருந்ததில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. டாம்சின் தாழ்ந்த குரலில் ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

அப்போதுதான் மேட்டுப் பாதையில் ஒருவர் வருவது தெரிந்தது. நீலச் சீருடை, தங்கச் சரிகை, இடுப்பில் வாள், தலையில் பெரிய தொப்பி. வண்டி இல்லை, கூட வேலையாளும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு, கைத்தடியை ஊன்றி, ஓட முடியாத வயதில் ஓடப் பார்த்துக்கொண்டு வந்தார். மதில் ஓரமாக நின்று மூச்சு வாங்கினார். மறுபடி நடந்தார். வாசலுக்கு வந்ததும் தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தார்.

"யாரு சின்னம்மா?"

"கதவத் தொற."

டாம்சின் இறங்கிப் போனாள். கீழே தாழ்ப்பாள் விலகியது. கொஞ்சம் பொறுத்து, கனமான பூட்ஸ் மரப்படியில் ஏறும் ஓசை வந்தது. பாதிப் படியில் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மறுபடி ஏறத் தொடங்கியது.

லவ்டே ஜன்னலை விட்டு நகரவில்லை.