ஆளில்லாத படகின் உள்கைப்பிடி

பிடிபட்ட படகைத் துறைமுகக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அதன் வயிற்றுக்குள் தலையை விட்டபடி கிடந்தேன். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கடத்தல் படகு எப்படி ஓடியது, ஏன் நின்றது என்று பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

இதற்கு மாலுமி கிடையாது. பிடிபட்டாலும் வாய் திறக்க ஆளில்லை என்பது கடத்துகிறவர்களுக்கு வசதி. ஆனால் உள்ளே ஓர் ஆள் இருந்திருந்தால், கசிகிற தண்ணீரை ஒரு வாளியால் இறைத்திருப்பான். இந்தப் படகு முதுகு வெளியே தெரியாமல், ஏரியல் மட்டும் நீட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு எடை கச்சிதமாக இருக்க வேண்டும். நாலு குடம் தண்ணீர் கூடினால் மூக்கு தாழும், ஏரியல் முங்கும், கரையிலிருந்து போகும் கட்டளை அதற்குக் கேட்காது. இதுவும் அப்படித்தான் செக்குமாடாகச் சுற்றி, யாரோ விரித்த வலையில் சிக்கியது.

படகின் மேல்மூடியைத் திருப்பிப் பார்த்த சுங்க அதிகாரி சிரித்தார். "ஏம்மா, ஆளே ஏறாத படகுக்கு உள்பக்கம் எதுக்கு கைப்பிடி? பேய் இறங்கிப் போறதுக்கா?"

நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கைப்பிடி எனக்குத் தெரியும். இருட்டில், விறைத்த விரலுக்கும் அகப்படும்படி நுனி வளைந்தது. அப்பா தன் படகின் மீன் அறைக்குள் ஐஸ் கொட்ட இறங்கியபோது அலையில் மூடி விழுந்து, வெளிக்கொக்கி மாட்டிக்கொண்டது. திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதன்பின் ஃபைபர் வேலை பார்க்கும் என் தம்பி, உள்கைப்பிடி இல்லாமல் எதையும் மூடியதில்லை. எங்கள் பீரோவுக்கே வைத்தான். "உள்ள எவன்டா குடித்தனம் பண்ணப்போறான்?" என்று அம்மா கேட்டாள்.

கொஞ்ச நாளாகத் தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் அவனுக்குப் போன் போட்டேன். நீ செய்த தொட்டி இங்கே கிடக்கிறது என்றேன்.

"உள்ள யாராச்சும் இருந்தாங்களாக்கா?"

"ஆளில்லாத படகுடா அது."

"அப்படித்தான் சொன்னாங்க. நான் நம்பல."

அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. கைப்பிடியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தப் பட்டறையில் கேட்டாலும் என் தம்பியைத்தான் கைகாட்டுவார்கள். சொல்லாவிட்டால் போவது என் வேலை மட்டுமல்ல. நாளைக்கு இன்னொரு தொட்டி செய்யச் சொல்லிக் கடத்துகிறவர்கள் அவனிடம்தான் வருவார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. உள்ளே இறங்கி மூடிக்கொண்டால், தண்ணீர் வந்த வழியே வெளிச்சமும் வரும். அதிகாரி மேலே மூடியை வைத்தார். டீசல் நாற்றமும் இருட்டும் ஒன்றாகக் கவிந்தன. மூடியின் விளிம்பைச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சமில்லை. நல்ல வேலைக்காரன்.

நடுவில் மட்டும், கைப்பிடிக்காக அவன் துளைத்த இடத்தில், தண்ணீர் புகாமல் அடைத்த ரப்பர் விரிசல் விட்டிருந்தது.

"என்னம்மா, எங்கன்னு தெரிஞ்சுதா?" மேலே தட்டினார்.

கை தானாக உயர்ந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, நாலு விரலும் வளைவுக்குள் பொருந்தி உட்கார்ந்தன. இன்னும் திருப்பவில்லை. கைப்பிடிக் கம்பியைச் சுற்றி, நூல் கனத்தில், வெளிச்சம் என் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.