பிரிசில்லாவிடம் மட்டும் சொன்னது

மேனேஜர் பூபாலன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று சித்ராதேவிக்குத் தெரிந்துவிட்டது. அவர் யாரையும் உட்காரச் சொல்கிற மனிதரல்ல.

"ஏனுங்க சித்ராதேவி, வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கறீங்களாமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுங்க."

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. வேலை தேடும் தளத்தில் விண்ணப்பித்து நாலு நாள்தான் ஆகிறது. இந்தப் பனியன் கம்பெனியில் அது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், பக்கத்து மேசை பிரிசில்லா. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் இருவரும் ஆறு வருஷமாக ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் பிறகு எல்லாமே சாட்சிதான். பிரிசில்லா போனைக் கவிழ்த்து வைத்தால் கள்ளத்தனம், நிமிர்த்தி வைத்தால் நடிப்பு. முந்தாநாள் பூபாலன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாளே, எதற்கு? புது ஜெர்மன் ஆர்டரை அவளுக்குத்தான் தரப்போவதாகப் பேச்சு. கிடைத்தால் அவள் சீனியர். அடிப்பாவி, என்னை விற்றா அதை வாங்கப் பார்க்கிறாய்?

மண்ணரையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்ததும் தன் போனில் அதே தளத்தைத் திறந்து, 'கூகுள் கணக்கில் தொடர்க' என்ற அதே பட்டனை அழுத்தினாள். தளம் அவளை முன்பின் தெரியாதவளாக வரவேற்று, பெயர் என்ன, படிப்பு என்ன என்று முதலிலிருந்து கேட்டது. விண்ணப்பத்தைக் காணோம். பிரிசில்லா அதை அழித்தும் விட்டாளா! அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் தானே பூபாலனிடம் போனாள். "சார், ஜெர்மன் ஆர்டர பிரிசில்லாவுக்குக் குடுக்கதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க. அவ மூணு மாசம் முழுகாம இருக்கா. ஷிப்மெண்ட் நேரத்துல லீவுல போயிருவா."

இரண்டு முறை கரு கலைந்த பயத்தில் பிரிசில்லா வெளியே சொல்லாமல் பொத்திவைத்திருந்த விஷயம் அது. மத்தியானமே ஆர்டர் ராஜவேலுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் சித்ராதேவி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறந்து அதே பட்டனை அழுத்தினாள். கடவுச்சொல்கூடக் கேட்காமல் உள்ளே விட்டது. அவள் படம், அவள் அனுபவம், விண்ணப்பம் எல்லாம் பத்திரமாக இருந்தன. மேலே இருந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் அவளுடையதல்ல. கம்பெனியுடையது. எல்லா மேசையிலும் பூபாலனின் போனிலும் எந்நேரமும் திறந்தே கிடக்கும் மெயில். அன்று சாப்பாட்டு நேர அவசரத்தில் இதே கம்ப்யூட்டரில் அவள் நுழைந்தது அதன் பேரில்தான்; வீட்டில் போன் திறந்ததோ அவளுடைய சொந்த மெயிலின் பேரில். தளத்தின் பதில் நேராகப் பூபாலன் கைக்கே போயிருக்கிறது. பிரிசில்லா வாயே திறக்கவில்லை.

"சித்ராக்கா."

பிரிசில்லா பின்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது. சித்ராதேவி அவசரமாகத் திரையை மூடினாள்.

"ஆர்டர் போனாப் போவுதுங்க்கா. வயித்துல இருக்கறது மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சுது? டாக்டரு, எங்கூட்டுக்காரரு, நீங்க. மூணே பேருக்குத்தானுங்க தெரியும்."

சித்ராதேவி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"அவருதான் குடிச்சுப்போட்டு எங்கியாச்சும் உளறியிருப்பாரு. இன்னிக்கு ஊட்டுக்குப் போயி கேக்காம உடமாட்டேன். உங்களப் போயி நான் சந்தேகப்படுவேனுங்களாக்கா?"

"ஆம்பளைங்கள நம்ப முடியாது பிள்ள," என்றாள் சித்ராதேவி.