மென்று தின்ற களி

“களிய யாருங்க சார் மெல்லுவா? உருட்டி, கொழம்புல தொட்டு முழுங்கறதுதானுங்களே!”

காவேரி இப்படிக் கேட்டதும், டியூப் விட்டுப் பார்த்து முடித்திருந்த தருமபுரி டாக்டர் அவள் கணவன் நவநீதனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பாவமாகத் தலையாட்டினான்.

சின்ன வயதில், கலர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ஆசிட்டைக் குடித்துவிட்டவன் அவன். வெந்துபோன உணவுக்குழாய்க்குப் பதிலாக, அவனுடைய பெருங்குடலிலேயே ஒரு துண்டை எடுத்துக் கழுத்திலிருந்து வயிறு வரை வைத்துத் தைத்தார்கள். அந்தக் குழாயோடுதான் பள்ளிக்கூடம் போனான், டிராக்டர் ஓட்டினான், காவேரியைக் கட்டினான். இத்தனை வருஷம் கழித்து, இப்போது சோறு கழுத்தோடு நின்றுகொள்கிறது. மெத்தென்று ஏதாவது கொடு என்று எல்லாரும் சொன்னார்கள். களியைவிட மெத்தென்று என்ன இருக்கிறது? மூன்று வேளையும் கிண்டிப் போட்டாள். நேற்று ஒரு உருண்டை சிக்கி அவனுக்குக் கண் பிதுங்கியபோதுதான் அவனை இங்கே கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுபடி நெஞ்சைத் திறந்துவிடுவார்களோ?

“கொழாய் நல்லாத்தாம்மா இருக்குது. கழுத்துல தச்ச எடம் சுருங்கியிருக்கு. பல வருஷம் கழிச்சும் இப்படி வரும். பலூன் விட்டு விரிச்சிடலாம். திரும்பச் சுருங்குனா திரும்ப விரிக்கலாம்.”

“நெஞ்சக் கிழிக்க வேண்டாமுங்களா?”

“வேண்டாம். ஆனா களியா இருந்தாலும் மெல்லணும்.”

விரித்தார்கள். கடத்தூருக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் கஞ்சி. டாக்டர் சரி சொன்ன அன்று, நெல்லிக்காய் அளவு களி.

“பல்லெல்லாம் ஒட்டுதுடி. மாடு அச போடறாப்ல இருக்குது!”

“போடுங்க மாமா. நானும் போடறேன்.” அவளும் மென்றாள்.

“களிய மெல்ற கண்றாவிய என் வூட்லயே பாக்கணுமா!” என்றார் மாமனார் மாதப்பன். மகனுடைய தொண்டையை விட்டு அவர் கண் நகரவில்லை.

நவநீதன் விழுங்கினான். நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தான்.

“எறங்கிருச்சுப்பா.”

மாதப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி இந்தக் கொழாய வச்ச டாக்டரு, இன்னிக்கி வழிய வுட்ட டாக்டரு, ரெண்டு பேரு கொலமும் தழைக்கணும்.” சொல்லிவிட்டு ஒரு உருண்டையை மெல்லாமல் விழுங்கினார்.

அந்த வீட்டில் இன்னும் வழக்கு ஓடுகிறது. காவேரிக்கு, இறங்கினால் போதும். மாதப்பனுக்கு, மென்றால் அது களியே இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?