தொப்பிக்காரரின் வேகம்

கோயம்புத்தூர் பீளமேட்டில் நாச்சியம்மாளை எதிர்த்துப் பேச ஆள் இல்லாத விஷயங்கள் இரண்டு. ஒன்று பம்பு செட், மற்றது ஜாஸ். முதலாவதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கணவர் போன பிறகு அவருடைய சின்னப் பட்டறையை எடுத்து நடத்தி, தாராபுரம் முதல் தர்மபுரி வரை மோட்டார் அனுப்புகிற தொழிற்சாலையாக ஆக்கிக் காட்டியவர் அவர். இரண்டாவதைக் கேள்விப்படுகிறவர்கள்தான் முழிப்பார்கள்.

அவர் அப்பா வேலை பார்த்த மில்லுக்கு இயந்திரம் பூட்ட ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வந்தார். ஊர் திரும்பும்போது ஒரு ரெக்கார்டு பிளேயரையும் பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தகர டப்பாவை உருட்டுகிற சத்தம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாச்சியம்மாளை மட்டும் அது பிடித்துக்கொண்டது, பிறகு விடவே இல்லை. கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்களில் பாதி இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ரெக்கார்டுகளில் ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு ஹாலில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். போத்தனூரிலிருந்து ஜெரோம் வருவார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். கச்சாயமும் காபியும் உள்ளே போன பிறகு ரெக்கார்டு சுழலும், வாக்குவாதம் தொடங்கும். எந்த வாக்குவாதமும் நாச்சியம்மாள் வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது லூதர் கேரவே என்ற சாக்ஸபோன்காரரின் ஒரு ரெக்கார்டை. அட்டையில் அவர் சாம்பல் நிறத் தொப்பி போட்டிருப்பார். அதனால் இவர்களுக்கு அவர் தொப்பிக்காரர். அவருடைய வாசிப்பில் ஓர் இழுவை இருக்கும், சுரம் ஒரு பொடி கீழே இறங்கி நிற்கும். தம்பி செத்த துக்கத்தில் வாசித்ததால் அப்படி என்று நாச்சியம்மாள் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வேதவாக்கு. ஜெரோம் ஒருநாள் கீபோர்டை எடுத்து வந்து கூடவே வாசித்துப் பார்த்தார். தொப்பிக்காரரின் சுரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. துக்கத்துக்குக் கட்டைக் கணக்குக் கிடையாது என்று நாச்சியம்மாள் தீர்ப்புச் சொல்ல, ஜெரோமும் தலையாட்டிவிட்டார்.

தொண்ணூற்றாறில் தொப்பி ரெக்கார்டு சி.டி.யாக மறுபடி வெளிவந்தது. ஜெரோமின் அக்கா அதைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பி வைத்தார். அட்டையில் அதே தொப்பி, உள்ளே பழைய ஒலிநாடாவைத் துடைத்துச் சுத்தப்படுத்திய கதை. சனிக்கிழமை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, பாட்டு ஓடியது. ஓடியது என்பதுதான் சரியான சொல். தொப்பிக்காரர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்போல வாசித்துக்கொண்டிருந்தார். சுரம் மேலே, வேகம் கூடுதல், அந்த இழுவையைக் காணவே காணோம்.

"நாசம் பண்ணிப்போட்டாங்க," என்றார் நாச்சியம்மாள். "வேகத்தைக் கூட்டி வெச்சிருக்காங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் வெரசா ஓடோணும்."

"கம்பெனிக்காரன் இவ்வளவு பெரிய தப்பைச் செய்வானுங்களாக்கா?" என்று ஜெரோம் இழுத்தார்.

"செஞ்சிருக்கானே தம்பி. நம்ம காது பொய் சொல்லுதுங்களா?"

அந்த மாதமே பெங்களூரிலிருந்து போன் வந்தது. அங்கே இருக்கிற ஜாஸ் ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மறுவெளியீடுகளைப் பற்றிப் பேச வேண்டும். சங்கத் தலைவர் பிரான்சிஸே பேசினார். கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர், அவரிடம் இருக்கிற ரெக்கார்டுகளுக்குத் தனி அறையே உண்டு என்று பேச்சு. "கோயம்புத்தூர்ல பம்பு செட் சத்தம்தான் கேக்கும்னு நெனச்சேன்மா, ஜாஸும் கேக்குதா?" என்று சிரித்தார். நாச்சியம்மாளும் சிரித்து வைத்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவரை இதுவரை அந்தச் சங்கம் பேச அழைத்ததில்லை, பெண் ஒருத்தியை அழைத்ததே இல்லை. போய் நின்றால் கோயம்புத்தூர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தொப்பிக்காரரின் சி.டி. தவறானது என்பதை ரெக்கார்டோடு போட்டு நிரூபிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம், அலுவலகத்தில் தாராபுரம் டீலரின் போன். புது மோட்டார் தண்ணீரைச் சரியாகத் தள்ளவில்லை என்று ஒரு விவசாயி சண்டைக்கு வந்திருக்கிறாராம். நாச்சியம்மாளுக்கு இது பழகிப் போன புகார், பதிலும் மனப்பாடம்.

"ஏனுங்க, மோட்டார்ல ஒரு குத்தமும் இல்லீங்க. ஊரே லைட்டைப் போடற நேரத்துல கரண்ட்ல சைக்கிள், அதான் ஃப்ரீக்வென்சி, கொறையுது. அம்பது இருக்க வேண்டியது நாப்பத்தெட்டுக்கு எறங்கிப்போடுது. சைக்கிள் கொறைஞ்சா சுத்தறதும் கொறையும். எந்த மோட்டாரா இருந்தாலும் அப்படித்..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"ஹலோ, ஹலோ" என்று டீலர் கத்திக்கொண்டிருந்தார். நாச்சியம்மாளின் கண்முன் வீட்டு ஹாலில் இருக்கிற ரெக்கார்டு பிளேயர்தான் நின்றது. அதன் அடியிலும் ஒரு மோட்டார் இருக்கிறது. அதுவும் இதே கரண்ட்டில்தான் சுழல்கிறது. சி.டி.யின் வேகத்துக்கு மட்டும் இந்தச் சைக்கிள் கணக்கோடு சம்பந்தம் கிடையாது. அவர்கள் பாட்டுக் கேட்கிற நேரமும் ஊரே லைட்டைப் போடுகிற நேரம்தான்.

ஒரு மணி நேரத்தில் பிளேயர் காரின் பின்சீட்டில் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. போத்தனூரிலிருந்து ஜெரோமையும் வரவழைத்தாயிற்று. ஃபோர்மேன் ஆறுச்சாமி சைக்கிள் காட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஜெனரேட்டரைச் சரியாக ஐம்பதில் நிறுத்தினார். ஷெட்டிலிருந்து அலுவலக அறைக்கு ஒயர் இழுத்து, கதவைச் சாத்திவிட்டு, ரெக்கார்டையும் சி.டி.யையும் ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள். இரண்டு தொப்பிக்காரர்களும் ஒரே ஆளாகச் சேர்ந்து வாசித்தார்கள். துளி பிசிறில்லை.

நாச்சியம்மாளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நாள் முழுக்க ஊராருக்குச் சைக்கிள் பாடம் எடுக்கிறவர், சொந்த வீட்டு ஹாலில் இத்தனை வருஷம் கோட்டை விட்டிருக்கிறார். துக்கமாம், தம்பியாம். மனுஷன் குஷியாக அல்லவா வாசித்திருக்கிறார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் ஜெரோம் மெல்ல. "பெங்களூருக்கும் இதே கரண்டுதானுங்க வருது. அவிங்களும் இந்த இழுவையத்தான் கேட்டுப் பழகியிருப்பாங்க. சி.டி. தப்புன்னு நீங்க சொன்னா ஒருத்தருஞ் சந்தேகப்பட மாட்டாங்க. எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பேச வேண்டியதையும் முன்பே எழுதி முடித்தாயிற்று. மாற்றிச் சொன்னால் அங்கே நிற்கப் போவது பிளேயருக்குள்ளும் ஒரு மோட்டார் இருப்பதை மறந்த மோட்டார்க்காரி. பிரான்சிஸ் அதை வைத்தே ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார். நாச்சியம்மாள் ரெக்கார்டை உறைக்குள் போட்டு, உறையின் ஓரத்தைத் தடவி மூடினார்.

"நான் மோட்டார் செஞ்சு விக்கறவ, தம்பி," என்றார். "சுத்தறது தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு சொல்லி ஒரு மோட்டாரக்கூட வெளிய அனுப்புனதில்ல. பெங்களூர்க்காரங்க கைதட்டறாங்கன்னு இப்ப அனுப்பட்டுங்களா?" பிறகு ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, டெஸ்டிங் மேசையில் இருந்த மீட்டரைக் கழற்றித் துணியில் சுற்றித் தரச் சொன்னார்.

பெங்களூர் அரங்கில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். எல்லாம் சட்டைப் பையில் பேனா குத்திய, வாழ்நாள் முழுக்க ரெக்கார்டு தேடி அலைந்த முகங்கள். பிரான்சிஸ் அவரை 'பம்பு செட் உலகத்திலிருந்து வந்திருக்கும் நமது விருந்தாளி' என்று அறிமுகப்படுத்த, அரங்கம் இதமாகச் சிரித்தது. நாச்சியம்மாள் பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினார். முதலில் ரெக்கார்டைப் போட்டார். வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பிரான்சிஸ் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான் கேரவே" என்றார். பிறகு சி.டி. ஓடியது. தலைகள் இல்லையென்று ஆடின. கெடுத்துவிட்டார்கள், கெடுத்துவிட்டார்கள் என்று வரிசை வரிசையாக முணுமுணுப்பு. ஜெரோம் சொன்ன கைதட்டல் எல்லோர் உள்ளங்கையிலும் தயாராக இருந்தது. நாச்சியம்மாள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் குனிந்து துணியை அவிழ்த்தார். மீட்டரை மேசைமேல் வைத்து, பிளேயர் செருகியிருந்த பிளக்குக்குப் பக்கத்திலேயே செருகினார். முள் நாற்பத்தெட்டுக்குச் சற்று மேலே போய் நின்றது.

"சி.டி. சரிங்க," என்றார். "நாமதான் தப்பா கேட்டுட்டு இருந்திருக்கோம். அம்பது சைக்கிள்ல சுத்த வேண்டிய தட்டு நாப்பத்தெட்டுல சுத்திட்டிருக்குது. அந்த மனுசன் சோகத்துல இழுக்கலீங்க, நம்ம கரண்டு இழுத்துருக்குது. அது சோகந்தான்னு எங்கூர்ல நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தவளும் நாந்தானுங்க. மோட்டார் செய்யறவளுக்கே போன வாரந்தான் வெளங்குச்சு."

யாரோ எழுந்து வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார், அவர் பின்னால் இன்னும் இருவர். பிரான்சிஸ் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"முப்பது வருஷமா கேக்கறேன்மா," என்றார். குரலில் சிரிப்பு மிச்சமில்லை. "எங்கிட்ட ரெண்டாயிரம் ரெக்கார்டு இருக்கு. அத்தனையும் நான் சாயங்காலத்துலதான் கேட்டிருக்கேன்."

"நானுந்தானுங்க," என்றார் நாச்சியம்மாள். பிரான்சிஸ்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கைதட்டல் பிறகுதான் வந்தது. நாச்சியம்மாள் எதிர்பார்த்து வந்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஆனால் அதில் ஒரு கைதட்டைக்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பிரான்சிஸ் தனியாக வந்தார். மீட்டரின் முள்ளைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது எல்லாத்தையும் சரியான வேகத்துல கேக்கணும்மா. அதுக்கு எங்க போகணும்?"

"பீளமேட்டுக்கு வாங்க, எங்க ஜெனரேட்டரு சரியா அம்பதுல ஓடும்," என்றார் நாச்சியம்மாள்.