பெரிய வெள்ளி மணி

ஈஸ்டர் விடுமுறைக்குக் கல்லூரி நண்பர்களோடு அந்தச் சின்னத் தீவுக்கு வந்திருந்தாள் எவாந்தியா. பெரிய வெள்ளியன்று மதியம் வடக்குக் கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர்களில் ஒருவனான ஆர்கிரிஸ் சட்டையைக் கழற்றினான்.

"தண்ணி ஐஸா இருக்குடா, எறங்காதே," என்றாள் எவாந்தியா.

"போடி பயந்தாங்கொள்ளி! மலைக்காட்டுக்காரி, உனக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே குதித்தான்.

நீரோட்டம் அவனை இழுத்துக்கொண்டு போனது. தூரத்தில் ஒரு கை மட்டும் ஆடியது. கைபேசியில் சிக்னல் இல்லை. மற்றவர்கள் கரையில் நின்று அலற, எவாந்தியா மேட்டிலிருந்த சிறிய தேவாலயத்துக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். துறை நிறையப் படகுகள். ஒரே ஒருவன் காதில் விழுந்து படகை எடுத்தால் போதும். கனத்த மணி, அவள் பலத்துக்கு ஒவ்வொரு அடியாகத்தான் விழுந்தது. உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை. யாரும் வரவில்லை. கடலில் அந்தக் கையையும் காணவில்லை.

கயிற்றை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். பெரிய வெள்ளி என்பதால் காலையிலிருந்தே தீவு முழுக்க ஏசுவுக்குச் சாவுமணி அடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவள் புத்தியில் ஏறியது.

கோயில் வாசலில் பெண்கள் மாலை ஊர்வலத்துக்கான ஏசுவின் பாடைக்கு எலுமிச்சைப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து, ரத்தம் வழிந்த அவள் கைகளைப் பிடித்து முத்தமிட்டாள்.

"மேட்டு மணிய அடிச்சது நீதானா கண்ணு? செத்த சாமிக்காக இம்புட்டு நேரம் யாரு பெத்த புள்ளையோ அடிக்குதேன்னு, அடிக்கு அடி நாங்க சிலுவ போட்டுக்கிட்டே இருந்தோம்."