ஒண்ணை அமுத்துங்க, நானே வர்றேன்

இன்சூரன்ஸ் வேலையை விட்டு எட்டு மாதம் ஆன பிறகு, பேக்கரிக் கருப்புசாமிதான் அதை என்னிடம் சொன்னார். நல்லூரில் எங்கள் வீதி முனையில் அவர் கடை. பன் வாங்கப் போயிருந்தேன். பொட்டலத்தைக் கொடுத்தவர், சனிக்கிழமை ஆனால் என் போன் தவறாமல் வந்துவிடுகிறது என்றும், இன்சூரன்ஸ் போடாமல் நான் விடமாட்டேன் போலிருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தார். நான் அவருக்குப் போன் செய்ததே இல்லை. அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. போனில் பதிவாகியிருந்ததைப் போட்டுக் காட்டினார்.

என் குரல்தான்.

"கருப்புசாமி அண்ணனுங்களா? நான் நல்லூர் ரங்காத்தா பேசறனுங்க. ஊட்டுக்கு ஒரு பாதுகாப்பு செஞ்சு வெச்சுட்டீங்களா? இன்னும் இல்லீன்னா ஒண்ணை அமுத்துங்க, நானே நேர்ல வர்றேன்."

பன்னை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கருப்புசாமிக்கு வருகிறதென்றால், என்னோடு வேலை செய்த தனபாலுக்கும் வருமே. தனபால் செத்துப் போய் வருகிற ஆடியோடு ஒரு வருடம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் துணி செக்கிங்கில் இருந்தேன். ரோல் ரோலாக வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்துச் சொல்வது வேலை. கண் மங்கியதும் நின்றுவிட்டேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. அப்போதுதான் எங்கள் வீதிக் கடைசி வீட்டுச் சித்ரகலா, தான் டீம் லீடராக இருக்கும் ஆபீசுக்கு என்னை அழைத்துப் போனாள். அந்த ஆபீஸ் சொந்தமாக இன்சூரன்ஸ் போடுவதில்லை. என்னைப் போல ஆட்களைச் சேர்த்து, வேறு கம்பெனிகளின் ஆயுள் பாலிசியை விற்கச் சொல்லும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மேடம். எனக்கு அதுவே ஒரு வாரம் கூச்சமாக இருந்தது.

முதல் நாளே, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். நூறு பேருக்கு எங்கே போவது என்று மலைத்தேன். உட்கார்ந்து எழுதினால் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்காரவைத்து, அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்கள். அண்ணன், தம்பி, அம்மிணி என்று யாரை எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் அந்தப் பெயரை, நான் பேசிப் பதிந்த சேதியோடு ஒட்டி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போட்டுவிடும். எங்கள் ஊரில் வாரச் சம்பளம் சனிக்கிழமைதான். ஆறு மணிக்கு ஆள் வீடு வந்து முகம் கழுவி, டீயோடு உட்கார்ந்திருப்பான். நல்ல நேரம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

தனபால் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினோரு வருடம் கூட வேலை செய்தவர். நான் கண் தெரியாமல் விட்ட ஓட்டைகளைக் கட்டிங் டேபிளில் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கிவைத்துவிடுவார். நான் பாலிசி என்று வாயெடுத்ததும் வீட்டுக்கே வரச் சொன்னார். போனேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு ஆடி இரண்டாம் தேதி.

"ஆடி கழியட்டுமுங்க தம்பி. ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். ஆடியில் ஒரு விளக்குமாறுகூடப் புதிதாக வாங்கமாட்டேன் நான். ஆடி பதினெட்டு நல்ல நாள்தான், அன்றைக்காவது போட்டிருக்கலாம். அன்று மகளைப் பார்க்க அவிநாசி போய்விட்டேன். இருபத்தொன்றாம் தேதி பல்லடம் ரோட்டில் லாரி அவர் வண்டியில் மோதிவிட்டது.

இழவு வீட்டில் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் மனைவி தேவிப்பிரியாவின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து வந்தேன். தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டேன். சித்ரகலா எவ்வளவோ சொன்னாள். டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தனபால் பெயரைப் பட்டியலிலிருந்து அப்போதே எடுத்திருக்கலாம். அந்தப் பெயர்மேல் விரல் வைக்கப் பயமாக இருந்தது. நான் விலகினால் என் குரலும் விலகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கருப்புசாமி சொன்ன அன்றே சித்ரகலாவிடம் ஓடினேன். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். பட்டியலும் குரலும் ஆபீசுடையது, சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அதுவும் இருக்கிறது. பெயரை எடுக்க வேண்டுமென்றால் என் லாகினில்தான் எடுக்க முடியும், விலகியவர்களுக்கு லாகின் கிடையாது.

"திரும்பச் சேந்துக்குங்க மேடம். ஒரு கையெழுத்துத்தான். நீங்களே எடுத்துரலாம்" என்றாள்.

முடியாது என்று வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை நான் கழித்த விதம் எனக்குத்தான் தெரியும். ஐந்தரைக்கே டிவியைச் சத்தமாக வைப்பேன். இங்கே நல்லூரில் என் வாய் மூடியிருக்கும். அங்கே அருள்புரத்தில், தனபால் வீட்டில் அது பேசிக்கொண்டிருக்கும். செத்த மனிதரைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டு, வீட்டுக்கு என்ன செய்து வைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. முதல் சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன். ஆடி விஷயத்தைத் தேவிப்பிரியாவிடம் சொல்லிவிட்டு, அந்தப் போன் இனி வராதபடி தடுத்துவைக்கச் சொல்வது என்று நினைப்பு.

அவள் அப்போதுதான் தையல் கம்பெனியிலிருந்து வந்து தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வாங்கக்கா என்றாள். மகள் தரணி டியூஷன் போயிருப்பதாகச் சொல்லி டீ வைத்தாள். தனபால் போட்டோவுக்குக் கீழே அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. பேங்க், கேஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறதாம். நான் பேச்சை எப்படி எடுப்பது என்று திணறும்போதே அது அடித்தது. தேவிப்பிரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தனபால் தம்பிங்களா? நான் நல்லூர் ரங்காத்தா பேசறனுங்க…"

போன வருடத்து நான். எவ்வளவு தெம்பாகப் பேசியிருக்கிறேன். கடைசி வரை கேட்டுவிட்டு, தேவிப்பிரியா நிதானமாக ஒன்றை அமுத்தினாள். ரொம்ப நன்றிங்க, சீக்கிரமே வந்தர்றேன் என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றது.

"தை மாசத்துலிருந்து அமுத்தறேனுங்க. இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க" என்றாள்.

ஒன்றை அமுத்தினால் சேதி என் லாகினுக்கு வரும், அதைத்தான் மூடிவிட்டார்களே என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "எனக்கு நேரா ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே கண்ணு."

"கூப்புட்டா வந்திருப்பீங்க. நீங்களா வரோணும்னு இருந்தேன்."

அவள் காலி டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"ஆடி கழியட்டும்னு நீங்க சொன்னதை அவரு என்றகிட்டச் சொன்னாருங்க. அக்கா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லும்னாரு."

நான் சொல்ல வந்ததும் அதுதான். அவள் முந்திக்கொண்டாள். எனக்கு அழக்கூட வரவில்லை. அவளும் அதை வளர்த்தவில்லை. தன் பெயரில் ஒரு பாலிசி போட வேண்டும் என்றாள். தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் தரணிக்கு யாரும் இல்லை.

"கண்ணு, இப்ப ஆடி…" என்று என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"ஆடிதானுங்க. இன்னைக்கே போடுங்க."

சித்ரகலாவுக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றாள். இப்போதே வா என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். நான் திரும்பச் சேருவதற்கான கையெழுத்தை டேப்லெட்டில் விரலால் போட்டேன். தேவிப்பிரியாவின் விண்ணப்பம் என் பெயரில் ஏறியது. ரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியாயிற்று.

பிறகு தனபால் பெயரை எடுக்க வேண்டும் என்றேன். சித்ரகலா பட்டியலைத் திறந்து கொடுத்தாள். நீக்கக் காரணம் கேட்டது. மூன்றுதான் இருந்தன. பாலிசி எடுத்துவிட்டார். விருப்பம் இல்லை. தவறான எண்.

"எறந்தவங்களுக்குன்னு தனியா இல்லீங்க மேடம். விருப்பம் இல்லைன்னு குடுங்க, போயிரும்" என்றாள் சித்ரகலா.

விரலைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம்னு அவரு சொல்லலீங்களே" என்றாள் தேவிப்பிரியா. குரலை உயர்த்தவில்லை. "நம்பரும் தப்பில்லீங்க. அவருதுதான்."

டேப்லெட்டை அப்படியே சித்ரகலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தேவிப்பிரியாவின் பாலிசி நல்லபடியாக வந்து சேர்ந்தது. நான் மறுபடி ஆபீசில் மேடம். லாகினுக்கு உயிர் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆறு மணி தாண்டியதும் என் போனில் ஒரு சேதி விழும். தனபால், அருள்புரம், ஒன்றை அமுத்தியிருக்கிறார், நேரில் வரச் சொல்கிறார்.

ஐந்தரைக்கே புடவை மாற்றி உட்கார்ந்திருப்பேன். ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது.